பிளேட் ரன்னர்: பிடிக்காது என்று உட்கார்ந்து, பிடித்துப்போனவர்கள் கேட்கும் கேள்விகள்

ரிட்லி ஸ்காட் இயக்கி 1982-ல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தைத் தானாகத் தேடிப் போய்ப் பார்த்தவர்களைவிட, யாரோ வற்புறுத்தியதால் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அரைமனதாக உட்காருவார்கள், பாதியில் நெளிவார்கள், மறுநாள் காலையில் கேள்வியோடு வருவார்கள். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் பாதியைப் படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். முடிச்சு அவிழும் இடம் வந்ததும் சொல்லிவிடுகிறோம்.

எனக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன்னாலே ஆகாது. இது மட்டும் எப்படிப் பிடிச்சுப்போச்சு?

ஏனென்றால் இது தோலில் மட்டும்தான் சயின்ஸ் ஃபிக்‌ஷன். எலும்பெல்லாம் 1940-களின் அமெரிக்கத் துப்பறியும் படம். களைத்துப்போன ஒரு போலீஸ்காரன், ஜன்னல் திரையின் பட்டைகள் வழியாக அறைக்குள் விழும் ஒளி, சிகரெட் புகைக்குப் பின்னால் முகம் தெரியும் ஒரு பெண், இரவு, மழை. ‘ஃபிலிம் நுவார்’ என்று சொல்லும் அந்தக் கறுப்பு வகையின் இலக்கணம் முழுக்க இதில் இருக்கிறது. வேற்றுக்கிரகக் குடியேற்றங்களைப் பற்றிப் பேச்சு மட்டும்தான். படத்தில் ஒருவர்கூட விண்வெளிக்குப் போவதில்லை.

இன்னொரு காரணம், அந்த ஊர் பழசாக இருக்கிறது. எதிர்காலம் என்றாலே பளபளவென்று வெள்ளைச் சுவர் வைக்கும் பழக்கத்தை இந்தப் படம் உடைத்தது. வடிவமைப்பாளர் சிட் மீட் பழைய கட்டடங்களை இடிக்காமல், அவற்றின் மேலேயே குழாய், கேபிள், காற்றுப்போக்கி என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே போனார். ஒட்டுப்போட்டு ஓடும் நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

கதைதான் என்ன? ரெண்டு வரியில சொல்லுங்க.

2019 நவம்பர், லாஸ் ஏஞ்சல்ஸ். டைரல் என்ற நிறுவனம் மனிதரைப் போலவே இருக்கும் ‘ரெப்ளிகண்ட்’டுகளைச் செய்து வேற்றுக்கிரக அடிமை வேலைக்கு அனுப்புகிறது, அவற்றுக்கு ஆயுள் 4 ஆண்டு. சில ரெப்ளிகண்ட்டுகள் தப்பித்து, ஆயுளை நீட்டிக்க வழி கேட்டுப் பூமிக்கு வருகின்றன. அவற்றைத் தேடிக் கொல்லும் வேலை டெக்கர்ட் என்பவனுக்கு. ‘பிளேட் ரன்னர்’ என்பது அந்த உத்தியோகத்தின் பெயர்.

அவ்வளவுதான் கதை. இதற்கு மேல் திருப்பங்களைத் தேடினால் ஏமாற்றம்தான். கதைக்காகப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்தப் படம் சலிக்கிறது.

ஏழெட்டு வெர்ஷன் இருக்காமே. எதைப் பார்க்கணும்?

‘ஃபைனல் கட்’. 2007-ல் வந்தது, 117 நிமிடம். வேறு யோசனையே வேண்டாம். ஸ்காட் முழு உரிமையோடு செய்த ஒரே வடிவம் இதுதான்.

எப்படி இத்தனை வந்தன என்றால்: 1982 மார்ச்சில் டென்வரிலும் டல்லஸிலும் ஒரு கச்சா வடிவத்தைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றும் புரியவில்லை, சோகமாக இருக்கிறது என்று பதில் வந்தது. பயந்துபோய், டெக்கர்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு குரலில் விளக்கவுரை ஒன்றைச் சேர்த்தார்கள். கடைசியில் மலையும் காடுமாக ஒரு சுபமான முடிவையும் ஒட்டினார்கள். அந்த மலைக்காட்சிகள் இந்தப் படத்துக்கு எடுத்தவையே அல்ல. ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து, பயன்படுத்தாமல் மீந்தவை. இப்படித்தான் 1982 ஜூன் 25-ல் அமெரிக்காவில் வெளியானது. வெளிநாட்டுப் பிரதியில் சில விநாடி வன்முறை கூடுதல். 1986-ல் டிவிக்காகக் கத்தரித்தது தனி.

பழைய கச்சாப் பிரதி 1990-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டர் ஒன்றில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு திரும்பப் போட்டபோது கூட்டம் அலைமோதியது. அந்தச் சூட்டோடு 1992-ல் ‘டைரக்டர்ஸ் கட்’ வந்தது. விளக்கவுரை போனது, மலைக்காட்சி போனது, ஒற்றைக்கொம்புக் குதிரை ஓடும் கனவு ஒன்று சேர்ந்தது. ஆனால் அவசரத்தில் செய்த வேலை. அதைத்தான் 2007-ல் நிதானமாக, மூல நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்து முடித்தார்கள்.

விளக்கவுரை இருக்கிற வெர்ஷன்தான் புரியும்னு என் ஃபிரெண்ட் அடிச்சுச் சொல்றான்...

புரியும்தான். பிரச்சினையே அதுதான். கண்ணில் தெரிவதையே காதிலும் சொல்கிறது. ஒருவன் செத்துக்கொண்டிருக்கும் முகத்தை ஒன்றும் பேசாமல் பார்க்க வேண்டிய இடத்தில், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று ஒரு குரல் விரிவுரை நடத்துகிறது. உங்கள் நண்பர் பழக்கத்தில் சொல்லியிருப்பார். வீடியோ கேசட் காலத்தில் பார்த்தவர்களுக்கு அந்த வடிவத்தின் மேல் ஒரு பாசம் உண்டு. அதை இரண்டாவதாகப் பாருங்கள். ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கும்.

படம் ஒரே இருட்டா இருக்கு. என் டிவி பிரச்சினையா, படமே அப்படியா?

இரண்டும். படத்தில் கறுப்பு நிறைய உண்டு. ஆனால் அந்தக் கறுப்புக்குள் விவரம் இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஓர் இடம்: டெக்கர்டின் வீட்டுச் சமையலறை. சுவர் முழுக்கக் கோலம் போல வடிவம் செதுக்கிய கட்டைகள். விளக்கு படாத மூலையிலும் அந்தக் கோலம் மங்கலாகத் தெரிய வேண்டும். ஒரே கறுப்புத் தீற்றலாகத் தெரிந்தால் டிவியில் கோளாறு.

முதலில் படத்தின் மோடை ‘விவிட்’, ‘டைனமிக்’ என்பதிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றுங்கள். மின்சேமிப்பு வசதியை அணையுங்கள். இருண்ட காட்சி வந்ததும் திரையை இன்னும் மங்கலாக்குவது அதுதான். பிளேயரை எச்டிஎம்ஐ வழியாக இணைத்திருந்தால் கறுப்பு அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்: ஒன்றில் ‘லிமிடெட்’, மற்றதில் ‘ஃபுல்’ என்றிருந்தால் நிழலில் இருப்பதெல்லாம் விழுங்கப்பட்டுவிடும், அல்லது கறுப்பு முழுக்கச் சாம்பலாக வெளுக்கும். பிறகு மோஷன் ஸ்மூதிங். சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’ என்று பெயர் மாறும். எதுவாக இருந்தாலும் அணைக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாக ஃபிரேம் செய்து செருகினால், மழையும் புகையும் சீரியல் போல வழுக்கிக்கொண்டு போகும்.

விலை குறைந்த எல்இடி டிவியில் 4கே எச்டிஆர் வடிவம் சாதா வடிவத்தைவிட மங்கலாகத் தெரியலாம். திரையால் அந்த வெளிச்சத்தைத் தர முடியாததுதான் காரணம். அப்படியானால் சாதா எச்டி வடிவத்தைப் பாருங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் ஒரு சிறு விளக்கை மட்டும் விட்டால் கண் வலிக்காது.

வானத்துல, புகையில எல்லாம் கட்டம் கட்டமா உடையுதே?

அது ஸ்ட்ரீமிங்கின் பஞ்சத்தனம். வீடியோவைச் சுருக்கும் முறைக்குப் பிடிக்காத மூன்று: மெல்ல மாறும் ஒளி, புகை, மழைத்துளி. இந்தப் படத்தில் மூன்றும் எல்லா ஃபிரேமிலும் உண்டு. இணைய வேகம் குறைந்ததும் முதலில் உடைவது டைரலின் அலுவலகக் காட்சியில் வரும் மஞ்சள் ஒளிதான், வளையம் வளையமாகத் தெரியும். தரத்தை ‘ஆட்டோ’வில் விடாமல் உச்சத்தில் வையுங்கள், டவுன்லோட் வசதி இருந்தால் இறக்கிவைத்துப் பாருங்கள். ப்ளூரே கிடைத்தால் சண்டையே இல்லை. 4கே டிஸ்க் 2017-ல் வந்திருக்கிறது.

மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருது, ஜூம் பண்ணிடலாமா?

கூடாது. படம் ஏறத்தாழ 2.4-க்கு 1 என்ற அகலத்தில் எடுத்தது, உங்கள் டிவி 16-க்கு 9. திரையில் கால்வாசி கறுப்பாகத்தான் இருக்கும். ஜூம் செய்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்படும். இந்த ஊரே ஓரங்களில்தான் இருக்கிறது.

அரை மணி நேரத்துல தூங்கிட்டேன். என் மேல தப்பா?

இல்லை, நேரத்தின் மேல் தப்பு. சாப்பிட்டு முடித்துப் படுக்கையில் சாய்ந்து பார்க்கும் படம் அல்ல இது. இசை தாலாட்டும், மழைச் சத்தம் ஓயாது, பேச்சு கம்மி. சாயங்காலம் இருட்டிய பிறகு, உட்கார்ந்து, போனைத் தள்ளிவைத்துப் பாருங்கள். சத்தத்தை வழக்கத்தைவிட இரண்டு படி கூட்டுங்கள். முதல் காட்சியின் அடித்தட்டு முழக்கம் நெஞ்சில் தெரிய வேண்டும். ஸ்பீக்கர் சரியில்லையென்றால் காதுமூடும் ஹெட்போன்.

முதல்முறை ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம். காஃப் என்ற போலீஸ்காரன் பேசுவது மட்டும் எதிலும் புரியாது: ஹங்கேரியன், ஜெர்மன், ஜப்பானிய மொழிகளைக் கலந்து நடிகர் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் உருவாக்கிய தெருப்பேச்சு அது. புரியாமல் இருப்பதுதான் நோக்கம்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலத்துல அந்த ஊரை எப்படி எடுத்தாங்க?

கையால் செய்து, ஒரே ஃபிலிமில் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். தொடக்கத்தில் நெருப்புக் கக்கும் புகைபோக்கிகள் அடிவானம் வரை தெரிகிறதே, அது ஓர் அறைக்குள் அடங்கும் மாதிரி உருவம்: சுமார் 18 அடி அகலம், 13 அடி ஆழம். முன்னால் இருக்கும் கட்டடங்கள் முழு உருவம். பின்னால் போகப்போக அமிலத்தில் அரித்து வெட்டிய பித்தளைத் தகட்டு நிழலுருவங்கள், அளவில் சிறுத்துக்கொண்டே போகும். கீழிருந்து விளக்கடித்தால் ஃபைபர் ஆப்டிக் முனைகள் ஆயிரக்கணக்கான ஜன்னல்களாக மின்னும். நெருப்பைத் தனியே படமெடுத்து, மாதிரிக்குள் நிறுத்திய வெள்ளை அட்டைகளில் புரொஜெக்டரால் விழவைத்தார்கள்.

டக்ளஸ் ட்ரம்புல், ரிச்சர்ட் யூரிசிச், டேவிட் டிரையர் மூவரும்தான் இதற்குப் பொறுப்பு. கட்டடத்துக்கு ஒருமுறை, ஜன்னல் விளக்குக்கு ஒருமுறை, பறக்கும் வண்டிக்கு ஒருமுறை என்று ஒரே ஃபிலிம் துண்டைச் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கேமரா மயிரிழை பிசகாமல் அதே பாதையில் போக வேண்டும். அதற்குத்தான் மோட்டார் கட்டுப்பாடு. அறையில் புகை நிரப்பி, அடர்த்தி மாறாமல் சென்சார் வைத்துக் காத்தார்கள். ஒரு சுற்றில் புகை கூடினாலும் மொத்தமும் வீண்.

இத்தனை பிரதி எடுத்தால் படம் மங்கிப்போகுமே என்ற கேள்வி நியாயம். அதனால்தான் தந்திரக் காட்சிகளை மட்டும் 65 மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் எடுத்தார்கள். நடிகர்கள் வருவது 35-ல். இரண்டையும் சேர்க்கும்போது அகல ஃபிலிமின் தரம் இறங்கி இறங்கிச் சரியாக 35-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், ஒட்டுத் தெரியாது. 2007-ல் அந்த 65 மில்லிமீட்டர் துண்டுகளை 8கே-யில் ஸ்கேன் செய்தபோது புதிதாக விவரம் வெளியே வந்ததற்கும் இதுவே காரணம்.

அதென்ன, எப்பப் பார்த்தாலும் மழை, புகை, ராத்திரி?

பாதி அழகு, பாதி மறைப்பு. தெருக்காட்சிகளை எடுத்தது பர்பாங்கில் வார்னர் ஸ்டுடியோவின் பழைய நியூயார்க் தெரு செட். வேறு எத்தனையோ படங்களில் வந்த முகம் அதற்கு. பகலில் எடுத்தால் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிடும். இருட்டாக்கி, புகைவிட்டு, மழை பெய்யவைத்தால் தெருமுனைக்கு அப்பால் செட் முடிந்துபோவது தெரியாது. நனைந்த தரை நியான் விளக்கைப் பிரதிபலிப்பதால் ஒரு விளக்கு இரண்டு விளக்காகும், காசும் மிச்சம். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனென்வெத் முகத்துக்கு முன்னால் விளக்கு வைக்காமல் பின்னாலிருந்து அடித்ததால் புகையே ஒரு சுவராக நிற்கிறது.

சில பேர் கண்ணு பூனைக்கண்ணு மாதிரி மின்னுதே, அது எடிட்டிங்கா?

இல்லை, எடுக்கும்போதே செய்தது. கேமரா லென்ஸுக்கு முன்னால் பாதி ரசம் பூசிய கண்ணாடியை 45 பாகையில் சாய்த்து வைத்து, பக்கத்திலிருந்து மெல்லிய ஒளியை அதில் அடிப்பார்கள். ஒளி லென்ஸ் பார்க்கும் அதே கோட்டில் நடிகரின் கண்ணுக்குள் போய், விழித்திரையில் பட்டு, வந்த வழியே திரும்பும். ஃபிளாஷ் போட்டால் போட்டோவில் கண் சிவக்கிறதே, அதே விஷயம்தான். ஒளி கொஞ்சம் கூடினால் முகமும் வெளுத்துவிடும். குறைந்தால் கண் மின்னாது. யார் யார் கண் மின்னுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்வியில் வேலை இருக்கிறது.

அந்தக் கட்டடங்கள் எல்லாம் நிஜமா? போய்ப் பார்க்கலாமா?

சில நிஜம். பொம்மை செய்யும் செபாஸ்டியன் குடியிருக்கும் இரும்புப் படிக்கட்டுக் கட்டடம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்திலுள்ள பிராட்பரி பில்டிங், 1893-ல் கட்டியது. கீழ்த்தளம் வரை யாரும் போய்ப் பார்க்கலாம். வெயில் கொட்டும் அந்த அழகான கூடத்தையா இப்படிப் பாழடைந்த இடமாகக் காட்டினார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும். போலீஸ் நிலையம் யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்துக்குள் எடுத்தது. டெக்கர்டின் வீட்டு முகப்பு ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த 1924-ம் ஆண்டு எனிஸ் வீடு. உள்ளே தெரிவது அந்தக் கட்டைகளுக்கு அச்சு எடுத்துச் செய்த செட். டிவி சோதனைக்குச் சொன்ன கோலச் சுவர் அதுதான்.

பாட்டே இல்லை, ஆனா மியூசிக் காதைவிட்டுப் போகமாட்டேங்குது. யாரு?

கிரேக்கரான வான்கெலிஸ். இந்தப் படம் வருவதற்குச் சில மாதம் முன்னால்தான் ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ இசைக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார். லண்டனில் தன் ஸ்டுடியோவில், யமஹா சிஎஸ்-80 என்ற சிந்தசைசரை நடுநாயகமாக வைத்துக்கொண்டு படத்தைத் திரையிலே பார்த்துப் பார்த்து வாசித்தார். அந்தக் கருவியில் கட்டையை அழுத்திய பிறகும் விரலின் அழுத்தத்தை மாற்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். மேலே ஒரு பட்டையில் விரலை இழுத்தால் நம் கமகம் போல வழுக்கும். இயந்திரம் ஒன்று விம்முவது போலக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

ஆல்பம் தேடுகிறவர்கள் கவனிக்க: 1982-ல் வந்தது வேறோர் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த நகல். வான்கெலிஸின் சொந்தப் பதிவு 12 ஆண்டு கழித்து, 1994-ல்தான் வெளிவந்தது.

நாவலைப் படிச்சுட்டுப் பார்க்கணுமா?

தேவையில்லை. பிலிப் கே. டிக் 1968-ல் எழுதிய நாவலிலிருந்து வேட்டையும், ரெப்ளிகண்ட்டைக் கண்டுபிடிக்கும் கேள்விச் சோதனையும் மட்டும்தான் வந்தன. நாவலில் உயிருள்ள மிருகம் வைத்திருப்பது கௌரவம், நாயகனுக்கு மனைவி உண்டு, ஒரு மதம் உண்டு. படத்தில் இவை காணோம். தலைப்புகூட டிக்குடையது அல்ல. ஆலன் நர்ஸ் என்பவர் மருத்துவக் கருவி கடத்துகிறவர்களைப் பற்றி எழுதிய வேறொரு நாவலின் தலைப்பைக் காசு கொடுத்து வாங்கினார்கள். டிக் சில காட்சிகளைப் பார்த்து மகிழ்ந்தார். முழுப் படம் வெளியாகுமுன், 1982 மார்ச் 2-ல் இறந்துவிட்டார்.

இனிமேல் வருவதெல்லாம் படம் பார்த்தவர்களுக்கு.

ஆறு பேர் தப்பிச்சாங்க, ஒருத்தர் செத்தாச்சு, ஆனா நாலு பேர்தானே வர்றாங்க? கணக்கு உதைக்குதே.

பழைய பிரதியில் பார்த்திருக்கிறீர்கள். மேரி என்று இன்னொரு ரெப்ளிகண்ட் திரைக்கதையில் இருந்தாள். நடிகையும் ஒப்பந்தமானார். பணம் போதாமல் அந்தப் பாத்திரத்தையே தூக்கிவிட்டார்கள். வசனத்தைத் திருத்த மறந்துவிட்டார்கள். அந்த ஐந்தாவது ஆள் டெக்கர்ட்தான் என்று ஒரு கூட்டம் பல வருஷம் வாதாடிக்கொண்டிருந்தது. ஃபைனல் கட்டில் ‘இரண்டு பேர் செத்தார்கள்’ என்று வசனத்தை மாற்றியதும் அந்த வாதம் படுத்தது.

அதே கையோடு வேறு ஓட்டைகளையும் அடைத்தார்கள். ரெப்ளிகண்ட் ஜோரா கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும்போது விக் வைத்த ஸ்டன்ட் பெண் அப்பட்டமாகத் தெரிவார். நடிகை ஜோவானா கேசிடியை 25 ஆண்டுக்குப் பிறகு வரவழைத்து முகத்தை மட்டும் எடுத்துப் பொருத்தினார்கள். பாம்பு வியாபாரியிடம் டெக்கர்ட் பேசும் இடத்தில் உதடும் பேச்சும் சேராது. அதற்கு ஃபோர்டின் மகன் பென் வந்து வாயசைத்தார். பறக்கும் வண்டியைத் தூக்கிய கம்பிகளும் மறைந்தன.

அந்த செஸ் ஆட்டம் நிஜ ஆட்டமா?

வசனத்தில் வரும் கடைசி நகர்வுகள் நிஜம். ராணியைப் பலிகொடுத்து, குதிரையால் வெட்டவைத்து, மந்திரியால் மேட். 1851-ல் லண்டனில் ஆண்டர்சன் கீசெரிட்ஸ்கியை வென்ற ஆட்டத்தின் முடிவு அப்படியே. அதற்கு ‘இம்மார்ட்டல் கேம்’, சாகாத ஆட்டம் என்று பெயர். சாகாமல் இருக்க வழி கேட்டு வருகிற ரெப்ளிகண்ட் தலைவன் ராய் ஆடும் ஆட்டம்! ஆனால் திரையில் செபாஸ்டியன் வீட்டுப் பலகையும் நிறுவன முதலாளி டைரல் வீட்டுப் பலகையும் ஒன்றோடொன்று பொருந்தாது. காய்களை நிறுத்திப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியா ஒரே கேள்வி: டெக்கர்ட் மனுஷனா, ரெப்ளிகண்ட்டா?

இது கடைசிக் கேள்வியாக இருந்ததே இல்லை. ரெப்ளிகண்ட் என்பதற்குப் படத்தில் இரண்டு துப்பு. டெக்கர்டுக்குக் கனவில் ஒற்றைக்கொம்புக் குதிரை வருகிறது. அதை யாரிடமும் அவன் சொல்வதில்லை. முடிவில் காஃப் அவன் வீட்டு வாசலில் காகிதத்தில் மடித்த ஒற்றைக்கொம்புக் குதிரையை விட்டுப்போயிருக்கிறான். கனவு காஃபுக்கு எப்படித் தெரியும்? பிறர் நினைவுகளைப் பதித்துச் செய்த ரெப்ளிகண்ட் ரேச்சலின் நினைவுகள் டெக்கர்டுக்குத் தெரிந்தது போலத்தான். இரண்டாவது, கண் மின்னல். வீட்டில் ரேச்சலுக்குப் பின்னால், ஃபோகஸ் இல்லாமல் டெக்கர்ட் நிற்கும்போது அவன் கண்ணும் ஒரு கணம் மின்னும்.

ஸ்காட் ‘ரெப்ளிகண்ட்தான்’ என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். படம் எடுத்த காலத்தில் ஃபோர்டு அதை எதிர்த்தார்; பார்வையாளர் கைபிடித்துக்கொள்ள ஒரு மனிதனாவது வேண்டும் என்பது அவர் கட்சி. திரைக்கதை எழுதிய ஹாம்ப்டன் ஃபேன்ச்சர் கேள்வி கேள்வியாகவே இருக்கட்டும் என்றார். 1982-ல் தியேட்டரில் பார்த்தவர்களுக்குக் கனவுக் காட்சியே இல்லை, ஆகவே காகிதக் குதிரைக்கு அர்த்தமும் வேறு. எங்கள் தீர்ப்பு: ஃபேன்ச்சர் சொன்னதுதான் சரி. ரெப்ளிகண்ட் என்று முடிவுகட்டிவிட்டால், சாகப்போகிற ஓர் இயந்திரம் மனிதனுக்கு இரக்கம் கற்பிக்கும் கூரைக்காட்சியின் எடை பாதியாகிவிடுகிறது.

டெக்கர்ட் ரேச்சலைக் கதவைச் சாத்தி வழிமறிக்கிற சீன் சங்கடமா இருந்துச்சு. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. அவன் தள்ளுகிறான், சொல்லச் சொல்லி வார்த்தையைத் திணிக்கிறான், பின்னணியில் காதல் சாக்ஸஃபோன். பிறர் நினைவை வைத்து வாழ்கிற ஒருத்திக்கு சுயவிருப்பம் என்று எது என்று கேட்க வந்த காட்சி என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இசை அந்தச் சமாதானத்துக்கு ஒத்துழைக்கவில்லை. படம் பிடித்துப்போனதால் இதற்கும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், கூடவே டைரலின் கண்ணைப் பிதுக்கும் காட்சி வேறு இருக்கிறது. வேண்டாம்.

ராய் கடைசியில ஏன் டெக்கர்டைக் காப்பாத்துறான்?

விளக்கவுரை இருந்த பிரதி இதற்குப் பதில் சொல்ல முயன்றுதான் கெட்டது. ராயின் பிறந்த நாள் 2016 ஜனவரி 8 என்று காவல்துறைத் திரையில் காட்டுகிறார்கள். படம் நடப்பது 2019 நவம்பர். ஆக ஆயுள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கை மரத்துப்போகிறது, உணர்ச்சி வருவதற்காக உள்ளங்கையில் ஆணியை அவனே குத்திக்கொள்கிறான். அதே கையால்தான் விழப்போகிற டெக்கர்டைப் பிடித்துத் தூக்குகிறான். தான் பார்த்ததையெல்லாம் யாராவது கேட்க வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கேட்பதற்கு அந்தக் கூரையில் வேறு ஆள் இல்லை.

மழையில் கண்ணீர் போல எல்லாம் கரைந்துபோகும் என்ற அந்தக் கடைசி வரி, ராயாக நடித்த ருட்கர் ஹவர் தானே சேர்த்தது. எழுதிக் கொடுத்த நீளமான பேச்சைக் கத்தரித்து, இதை ஒட்டினார். ராயின் கையிலிருந்த புறா பழைய பிரதிகளில் திடீரென்று பகல் வானத்தில் பறக்கும், மழையையும் காணோம். ஃபைனல் கட்டில் இருண்ட வானமாக மாற்றினார்கள்.

இவ்வளவு நல்ல படம் அப்ப ஏன் ஓடலை?

இரண்டு வாரம் முன்னால் ‘ஈ.டி.’ வந்திருந்தது. அன்பான வேற்றுக்கிரகக் குழந்தையைப் பார்த்து அழுதுகொண்டிருந்த கூட்டத்துக்கு இந்த இருட்டு ஒத்துவரவில்லை. அதே ஜூன் 25-ல் வெளியான ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ படத்துக்கும் இதே கதி. ஃபோர்டு என்றால் சாகசம் என்று நம்பி வந்தவர்கள் வேறு. சுமார் 2.8 கோடி டாலர் செலவு. முதல் வாரக்கடைசியில் வந்தது 60 லட்சத்துச் சொச்சம். ஆஸ்கரிலும் தந்திரக் காட்சிக்கான பரிசு ‘ஈ.டி.’க்கும், கலை இயக்கத்துக்கான பரிசு ‘காந்தி’க்கும் போய்விட்டது. 1993-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்தது.

அடுத்து என்ன பார்க்கலாம்? ‘2049’ நல்லா இருக்கா?

நன்றாக இருக்கிறது. டெனி வில்னவ் 2017-ல் எடுத்தது, 2 மணி 43 நிமிடம், முதல் படத்தைவிட நிதானம். ரோஜர் டீகின்ஸுக்கு முதல் ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த ஒளிப்பதிவு. டெக்கர்ட் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் லாவகமாக நழுவுகிறது. இரண்டுக்கும் இடையே நடந்ததைச் சொல்லும் மூன்று குறும்படங்கள் உண்டு. அவற்றில் ஷினிச்சிரோ வாட்டனபே இயக்கிய அனிமே மட்டுமாவது பாருங்கள்.

இதே கறுப்பு வகையில் இன்னொன்று வேண்டுமென்றால் அலெக்ஸ் புரோயாஸின் ‘டார்க் சிட்டி’, 1998. அதிலும் ஸ்டுடியோ பயந்து தொடக்கத்தில் ஒரு விளக்கவுரை சேர்த்து மொத்த மர்மத்தையும் போட்டு உடைத்திருக்கும். 2008-ல் வந்த இயக்குநர் வடிவத்தில் அது இல்லை. பழைய பிரதிதான் கிடைத்தது என்றால், நாயகன் குளியல்தொட்டியில் கண்விழிக்கும் வரை சத்தத்தை அணைத்துவையுங்கள்.

ரெண்டாவது தடவை பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

காஃபின் கையை. ஒற்றைக்கொம்புக் குதிரைக்கு முன்னால் ஒரு கோழி, ஒரு மனித உருவம் செய்கிறான். ஒவ்வொன்றும் அந்த நேரத்து டெக்கர்டைப் பற்றிய நக்கல். அப்புறம் ரேச்சல் சோதனை: சாதாரணமாக 20, 30 கேள்வியில் முடியும், அவளுக்கு நூற்றுக்கு மேல் ஆகிறது. அந்த நேரம் முழுக்க அவள் சிகரெட் புகை எப்படி ஒளியில் நிற்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. ரேச்சல் தன் அம்மாவோடு இருப்பதாக நம்பும் பழைய போட்டோவை டெக்கர்ட் தன் வீட்டில் கையில் வைத்துப் பார்க்கிறான். போட்டோ திரை முழுக்க வரும். வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெண், பக்கத்தில் சிறுமி, மேலே நிழல். அந்த நிழல் ஒரு விநாடிக்கும் குறைவாக அசையும். போனில் பார்த்தால் கண்ணில் படாது. மோஷன் ஸ்மூதிங் அணைக்காத டிவியில் பட்டாலும் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள்.